வாவிக்கரையை விட்டுப் போனவர்களின் எழுத்து

புலம்பெயர் இலக்கியம் என்றதும் மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த ஊர்களுக்கென்று தனியாக ஒரு பக்கம் ஒதுக்குவோர் குறைவு. வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல்வெளியும், கிழக்கே எழுவான்கரையும், தெற்கே அக்கரைப்பற்று வரை நீளும் கரையோரமும் ஈழத்தின் பொதுக் கணக்கிலேயே கரைந்துவிடுகின்றன. 1994இல் இந்திரா பார்த்தசாரதியும் எஸ்.பொ.வும் சேர்ந்து தொகுத்த புலம்பெயர் கதைகளுக்குப் ‘பனியும் பனையும்’ என்று பெயர். பனை என்றால் வாசகர் மனம் முதலில் போவது வடக்குக்குத்தான். எங்கள் குரவையும் கண்ணகி சடங்கும், நிலக்கிழாரான போடியாரின் வயலும் வேறு உலகம்.

இத்தனைக்கும் எஸ்.பொ. எங்கள் மண்ணை நன்கறிந்தவர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, மட்டக்களப்பில் ஆசிரியராக வாழ்ந்து, நைஜீரியா சென்று, ஆஸ்திரேலியாவில் குடியேறி, 2014இல் சிட்னியில் மறைந்தார். முற்போக்கு அணியோடு முரண்பட்டு ‘நற்போக்கு’ என்று தனிக்கொடி உயர்த்தியவர். சொல்லக் கூசியதைச் சொல்லும் துணிவும், வாக்கியத்தைச் செதுக்கும் பிடிவாதமும் அவர் விட்டுச்சென்றவை. அந்தத் துணிவைப் பலர் எடுத்துக்கொண்டார்கள், செதுக்கலைச் சிலரே.

கோளாவிலில் பிறந்து 1970இல் லண்டன் சென்ற ராஜேஸ்வரி பாலசுப்பிரமணியம் இன்னொரு வழி. அவருடைய ‘ஒரு கோடை விடுமுறை’ 1983 கலவரத்துக்கு முன்பே வந்த நாவல். அகதி வாழ்வுதான் புலம்பெயர் எழுத்தைத் தொடக்கிவைத்தது என்போர் அதைப் படிக்க வேண்டும். ‘தில்லையாற்றங்கரை’யில் அவர் ஊர்ப் பெண்களிடம் திரும்பிவருகிறார். கருத்தைச் சொல்லிவிட வேண்டும் என்ற அவசரம் சில இடங்களில் கதையை முந்துகிறது. ஆனாலும் அந்தப் பெண்களின் அடக்கிவைத்த கோபத்தை அவரளவுக்கு உள்ளிருந்து எழுதியவர் அரிது.

என் மதிப்பீட்டில் சிகரம் விமல் குழந்தைவேல். இவரும் லண்டன்வாசி. சலவைத் தொழிலாளர் வாழ்வைச் சொல்லும் ‘வெள்ளாவி’யும், அக்கரைப்பற்றில் தமிழரும் முஸ்லிம்களும் கலந்து வாழ்ந்த காலத்தையும் அது குலைந்ததையும் சொல்லும் ‘கசகறண’மும் எங்கள் பேச்சிலேயே நடக்கின்றன. வெளியூர் வாசகர் தடுமாறுவார். தடுமாறட்டும். அந்தப் பேச்சை மழித்திருந்தால் அந்த மனிதர்கள் இல்லை. அதே அக்கரைப்பற்றிலிருந்து லண்டன் சென்ற கவிஞரும் ஓவியருமான றஷ்மியின் கவிதைகளையும் அருகில் வைத்துப் படித்தால்தான் தமிழர், முஸ்லிம் என ஊரின் இரு பக்கமும் தெரியும்.

1988இல் ஜெர்மனியில் தொடங்கிய இலக்கியச் சந்திப்பும், பாரிசிலும் நோர்வேயிலும் வந்த சிற்றிதழ்களும் புலம்பெயர்ந்தோர் எழுத்துக்குப் பேச்சுக்களம் அமைத்தன. தாய்மண்ணுக்கு வெளியே இதழ் நடத்துவதில் நமக்கு மூத்தவர்கள் ஆர்மீனியர். அவர்களுடைய முதல் இதழான ‘அஸ்தரார்’ 1794இல் அச்சானது சென்னையில். 1915இன் இனப்படுகொலைக்குப் பின் மேற்கு ஆர்மீனிய மொழி தன் ஊர்களை இழந்தது. பெய்ரூட்டிலும் பாரிசிலும் எழுத்தாளர்கள் அதைச் சுமந்தார்கள். இன்று யுனெஸ்கோ அதை அழிவபாயத்திலுள்ள மொழியாகக் குறிக்கிறது. ஒரு சொல் பிசகினால் இது எங்கள் ஊர்ப் பேச்சில்லை என்று திருத்த அந்த மண்ணில் ஆளில்லை.

நமக்கு ஆள் இருக்கிறார்கள். லண்டனில் எழுதப்பட்ட உரையாடல் சரியா என்று களுவாஞ்சிக்குடியிலும் கொக்கட்டிச்சோலையிலும் இருப்பவர்கள் ஒரே வாசிப்பில் சொல்லிவிடுவார்கள். இந்த எழுத்துக்கு உரிய தரக்கோலை அவர்கள் கையில் கொடுப்பதே முறை. அதற்கு இந்நூல்கள் எங்கள் பொது நூலகங்களில் கிடைக்க வேண்டும். வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் வரிவரியாக விவாதிக்கப்பட வேண்டும். எழுதியவர்கள் உயிரோடு இருக்கும்போதே, குறைகளையும் மறைக்காமல்.