வொர்க்ஸ்டேஷன் பட்டியலில் விடுபட்ட முதல் வரி

அறிவியல் கணக்கீட்டுக்கும் ஏஐ ஆராய்ச்சிக்கும் வீட்டிலேயே ஒரு நல்ல வொர்க்ஸ்டேஷன் கட்டணும்னு ரொம்ப நாள் ஆசை. அதற்காக வீடியோக்கள், வழிகாட்டிக் கட்டுரைகள், கடைக்காரர்கள் தரும் கொட்டேஷன்கள் என்று நிறையப் பார்த்தேன். எல்லாம் ஒரே அச்சு. முதல் வரி ஜிபியூ. அப்புறம் பிராசசர், மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, பவர் சப்ளை. கடைசியில் மொத்தத் தொகை. எந்தக் கணக்கைப் போடுவதற்காக இந்த இயந்திரம் என்ற வரி மட்டும் எதிலும் இல்லை. நான் தயாரித்த நாலு லட்ச ரூபாய்ப் பட்டியலிலும் இல்லை. ஆகவே இந்த விமர்சனத்தில் என் பட்டியலும் அடக்கம்.

முதல் குறை, டெராஃப்ளாப்ஸ் என்ற ஒற்றை எண். ஆர்டிஎக்ஸ் 4090 அட்டையை எடுத்துக்கொள்வோம். 2022-இல் வந்தது, 24 ஜிபி நினைவகம், 450 வாட். உச்ச வேகம் சுமார் 82 டெராஃப்ளாப்ஸ், அதாவது நொடிக்கு 82 லட்சம் கோடி கணக்குகள். அதே ஆண்டு மே மாதம் திருச்சி என்ஐடியில் திறக்கப்பட்ட 'பரம் பொருள்' சூப்பர் கம்ப்யூட்டரின் உச்ச வேகம் 838 டெராஃப்ளாப்ஸ். பத்து அட்டை வாங்கினால் பரம் பொருளே வீட்டுக்கு வந்துவிடும் போலிருக்கிறதே! இந்தக் கணக்கைப் போட்டு நானே மகிழ்ந்திருக்கிறேன்.

தப்பு எங்கே என்றால், அட்டையின் 82 என்பது 32 பிட் எண்களுக்கு. சூப்பர் கம்ப்யூட்டர்களை அளப்பது 64 பிட் எண்களில். 32 பிட்டில் ஏறத்தாழ 7 தசம இலக்கம்தான் நிற்கும், 64 பிட்டில் ஏறத்தாழ 16. நரம்பு வலைப்பின்னலைப் பயிற்றுவிக்க 7 இலக்கமே அதிகம். ஆனால் லட்சக்கணக்கான படிகள் ஓடும் ஒரு சிமுலேஷனில் சின்னப் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். அங்கே பல சமயம் 64 பிட் வேண்டும். 4090-இல் 64 பிட் வேகம் 32 பிட் வேகத்தில் 64-இல் ஒரு பங்கு, சுமார் 1.29 டெராஃப்ளாப்ஸ். பரம் பொருளுக்குச் சமமாக்கப் பத்து அட்டை போதாது, 650 அட்டை வேண்டும். 2013-இல் வந்த முதல் டைட்டன் அட்டையில் இந்த விகிதம் மூன்றில் ஒன்று. 2017-இன் டைட்டன் வி-யில் இரண்டில் ஒன்று. கேமிங் அட்டைக்கு 64 பிட் தேவையில்லை, அதனால் குறைத்துவிட்டார்கள். 'அறிவியல் கணக்கீட்டுக்கு' என்று தலைப்புப் போட்டு இந்த அட்டையைப் பரிந்துரைப்பவர்கள் இதைச் சொல்லாமல் விடுவதுதான் பிரச்சினை.

இன்னொரு ஒப்பீடு என்னை அதைவிட யோசிக்க வைத்தது. சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் 'கப்ரு' என்றொரு கணினித் தொகுப்பைக் கட்டினார்கள். ஓர் இமயமலைச் சிகரத்தின் பெயர் அது. மொத்தம் 144 கணினிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் ஸியான் பிராசசர்கள். ஒரு பிராசசருக்கு 4.8 கிகாஃப்ளாப்ஸ் என்று 288-ஆல் பெருக்கினால் 1.38 டெராஃப்ளாப்ஸ், அதுவும் 64 பிட்டில். 2004-இல் உலகின் முதல் 500 கணினிகள் பட்டியலில் இடம்பெற்றது. பதினெட்டு வருஷம் கழித்து வந்த 4090, 64 பிட் உச்ச வேகத்தில் அதை எட்டவில்லை.

ஆனால் கப்ருவிடம் கற்க வேண்டியது வேகத்தை அல்ல, கட்டிய முறையை. லாட்டிஸ் கேஜ் கோட்பாடு என்ற துகள் இயற்பியல் கணக்குக்காக அதைக் கட்டினார்கள். அந்தக் கணக்கில் வெளியும் காலமும் சேர்ந்து நாற்பரிமாணக் கட்டமாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு புள்ளியும் பெரும்பாலும் பக்கத்துப் புள்ளிகளோடுதான் பேசும். அதனால் கணினிகளையும் அப்படியே இணைத்தார்கள்: முப்பரிமாண வளையப் பின்னலில், ஒவ்வொரு கணினிக்கும் ஆறு அண்டை வீட்டார், நடுவில் பெரிய சுவிட்ச் கிடையாது. சாதாரண சர்வர்களை வைத்துக்கொண்டு இணைப்புக்குச் செலவு செய்தார்கள். கணக்கின் வடிவம்தான் இயந்திரத்தின் வடிவத்தைத் தீர்மானித்தது.

இரண்டாவது குறை, நினைவகத்தைக் கொள்ளளவாக மட்டும் பார்ப்பது. 700 கோடி பாராமீட்டர் உள்ள ஒரு மொழி மாதிரியை எடுங்கள். 16 பிட்டில் 14 ஜிபி. 24 ஜிபி அட்டையில் உட்கார்ந்துவிடும். ஒவ்வொரு டோக்கனை உருவாக்கவும் அந்த 14 ஜிபியையும் ஒருமுறை படித்தாக வேண்டும். 4090-இன் நினைவக வேகம் நொடிக்கு 1008 ஜிபி. வகுத்தால் நொடிக்கு 72 டோக்கன். ஒற்றை உரையாடலில் அதுதான் உச்சவரம்பு. இங்கே 82 டெராஃப்ளாப்ஸில் பெரும்பகுதி சும்மா இருக்கும். அதே மாதிரியை ஆடம் முறையில் முழுதாகப் பயிற்றுவிக்க, எடை, சரிவு, ஆப்டிமைசர் நிலை எல்லாம் சேர்த்து ஒரு பாராமீட்டருக்கு சுமார் 16 பைட். மொத்தம் 112 ஜிபி. அட்டையில் கால்வாசிகூட அடங்காது.

பிராசசர் பக்கமும் இதே கதைதான். 16 கோர் என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். சாதாரண டெஸ்க்டாப்பில் நினைவகச் சேனல் இரண்டே. டிடிஆர்5-5600 போட்டால் நொடிக்கு 89.6 ஜிபி, கோருக்கு 5.6 ஜிபி. நாலு ரேம் குச்சி செருகினாலும் சேனல் இரண்டுதான். வேகம் குறையவும் வாய்ப்பு உண்டு. டபிள்யூஆர்எஃப் போன்ற வானிலை மாதிரிகள் நினைவகத்துக்காகக் காத்திருப்பவை. அவற்றுக்கு எட்டுச் சேனல் உள்ள சர்வர் பலகைதான் பொருத்தம், கோர் கொஞ்சம் மெதுவாக இருந்தாலும். மாறாக, எங்கள் மாவட்டத்துப் பொட்டிப்புரத்தில் திட்டமிடப்பட்ட நியூட்ரினோ ஆய்வகத்துக்கான சிமுலேஷனைப் பாருங்கள். ஜியான்ட்4-இல் ஒவ்வொரு துகள் நிகழ்வும் தனித்தனி. நிறைய கோர் இருந்தால் போதும், ஜிபியூ தேடி அலைய வேண்டாம்.

மூன்றாவது, மின்சாரம். 700 வாட் இயந்திரம் தினம் 8 மணி நேரம் ஓடினால் 5.6 யூனிட். இரண்டு மாத பில்லுக்கு 336 யூனிட். நம்ம ஊர் வீட்டு இணைப்பில் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே உள்ள பல யூனிட்டுகளுக்கும் கட்டண விகிதம் ஏறும். சித்திரை வெயிலில் அந்த அறைக்கு ஏசியும் வேண்டும். ஃபேன், லைட்டுக்குப் போட்ட இன்வெர்ட்டர் இந்தச் சுமையைத் தாங்காது. இன்னொரு பக்கம், 2024-இல் ஒப்புதல் பெற்ற இந்தியாஏஐ திட்டத்தில் ஜிபியூ மணிக்குச் சுமார் 65 ரூபாய்க்குக் கிடைக்கும் என்று அரசு அறிவித்திருக்கிறது. விண்ணப்பித்துத்தான் பெற வேண்டும். இருந்தாலும் நாலு லட்சத்தை 65-ஆல் வகுத்தால் 6,000 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. அத்தனை மணி நேரத்துக்கு என்னிடம் வேலை இருக்கிறதா?

இதைக் கேட்டுக்கொண்ட பிறகுதான் என் கணக்கை எடுத்துப் பார்த்தேன். கம்பம் பள்ளத்தாக்கில் வடகிழக்குப் பருவமழை மாறிவருகிறதா என்பது என் கேள்வி. தரவு, இந்திய வானிலை ஆய்வுத் துறையின் 0.25 டிகிரி கட்ட மழைத் தொகுப்பு. 1901 முதல் தினசரி. 135-க்கு 129 கட்டம், 365 நாள், எண்ணுக்கு 4 பைட்: ஆண்டுக்கு 25 எம்பி. 120 ஆண்டுக்கு 3 ஜிபி. மூன்றே ஜிபி! என் பழைய லேப்டாப்பின் ரேமிலேயே அடங்கும்.

என் ஆராய்ச்சி எங்கே தடுக்கிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஒரு கட்டம் கிட்டத்தட்ட 27 கிலோமீட்டர். தேனி மாவட்டத்தின் பரப்பே நாலு கட்டத்துக்குச் சமம். மலைக்கு அந்தப் பக்கம் தேக்கடியில் கொட்டும் மழையும், மழை மறைவில் கிடக்கும் கூடலூர், கம்பம் மழையும் அதில் ஒன்றாகக் கலந்துவிடும். அங்கே தொலைந்த துல்லியத்தை எந்த 64 பிட்டும் மீட்டுத் தராது. பெரியாறு, தேக்கடி, கூடலூர், உத்தமபாளையம், வைகை அணை, மஞ்சளாறு, சோத்துப்பாறை என்று மழையளவு நாளிதழில் வருமே, அந்தப் பழைய எண்களைத் தேடிப்பிடித்துத் தட்டச்சு செய்வதுதான் எனக்கு முன்னால் உள்ள வேலை.

பெரிய மாதிரிகளைத் தினமும் பயிற்றுவிப்பவருக்கு ஜிபியூ முதல் வரியாக இருப்பது நியாயம். மற்றவர்கள் கேள்வி, தரவின் அளவு, வேண்டிய துல்லியம், நினைவக வேகம், மாதத்துக்கு எத்தனை மணி நேரம் என்ற ஐந்து வரிகளையும் முதலில் எழுதிவிட்டு ஆறாவது வரியில் கடைக்குப் போகலாம். நான் இப்போதைக்கு லேப்டாப்புக்கு ரேம் கூட்டி, பேக்கப்புக்கு இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கியிருக்கிறேன். மீதிப் பணம் வங்கியில் இருக்கிறது. 1970-களின் மழைக் கணக்கு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், வந்து எழுதிக்கொள்கிறேன்.