கோளா, கறையா? விண்மீன் இரைச்சலை வடிக்கும் பாணிகள்

பகலில் தொலைநோக்கிகளுக்கு வேலை கிடையாது. கவிகையை மூடிவிட்டு வானியலாளர்கள் உறங்கப் போய்விடுவார்கள். கானரித் தீவுகளில் ஒன்றான லா பால்மாவில், 3.58 மீட்டர் கலிலியோ தொலைநோக்கி இருக்கும் இடத்தில் மட்டும் 2015 முதல் கதை வேறு. அங்கே வெளிப்புறத்தில், ஒரு சிறிய அக்ரிலிக் கூண்டுக்குள் 3 அங்குல லென்ஸ் ஒன்று இருக்கிறது. காப்பி டம்ளரின் வாயகலம்தான். காலையிலிருந்து மாலைவரை சூரியன் போகும் பக்கமெல்லாம் அது திரும்பிக்கொண்டிருக்கும். சூரியனைப் படம் பிடிப்பது அதன் வேலையல்ல. லென்ஸ் வாங்கும் ஒளி உள்ளே வெள்ளை பூசிய ஒரு சிறு உருண்டைக்குள் போய்ச் சிதறிக் கலந்து, வட்டின் எந்த மூலையில் கறை, எந்த மூலையில் பிரகாசம் என்ற அடையாளமெல்லாம் அழிந்து, ஒரே புள்ளி வெளிச்சமாக ஒளியிழையில் இறங்குகிறது. இழையின் மறுமுனையில் ஹார்ப்ஸ்-நார்த் நிறமாலைமானி. இரவில் தூரத்து விண்மீன்களுக்குக் கோள் தேடும் அதே கருவி. ஐந்து நிமிடத்துக்கு ஒரு பதிவு.

பக்கத்து வீட்டுச் சூரியனை, வேண்டுமென்றே முகம் தெரியாத விண்மீனாக்கிப் பார்ப்பது எதற்கு? கோள் தேடும் கலையின் முப்பது ஆண்டுத் தலைவலி இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

கோள் சுற்றும்போது விண்மீனும் கொஞ்சம் ஆடும். நம்மை நோக்கி வரும்போது அதன் நிறமாலைக் கோடுகள் நீலப்பக்கம் நகரும், விலகும்போது சிவப்புப்பக்கம். 1995இல் மிஷேல் மேயரும் டிடியே கெலோவும் பிரான்ஸின் ஓத்-புரோவான்ஸ் ஆய்வகத்தில் 51 பெகாசி விண்மீனைப் பிடித்தது இப்படித்தான். அந்த ஆட்டத்தின் அளவு வினாடிக்கு 56 மீட்டர், 4.2 நாளுக்கு ஒரு சுற்று. 2019இல் இருவருக்கும் நோபல் பரிசு வந்தது. வியாழன் நம் சூரியனை வினாடிக்கு 12.5 மீட்டர் வேகத்தில் ஆட்டுகிறது. பூமி ஆட்டுவதோ வினாடிக்கு 9 சென்டிமீட்டர், ஆமை நடை. ஹார்ப்ஸ் போன்ற கருவியின் உணர்தகட்டில் அந்த நகர்வு ஒரு பிக்சலின் ஒன்பதாயிரத்தில் ஒரு பங்குதான்.

கருவிகள் அந்த நுட்பத்தை நெருங்கிவிட்டன. விண்மீன்தான் ஒத்துழைப்பதில்லை.

சூரியனின் மேற்பரப்பு கொதிக்கும் உலை. சூடான வாயு குமிழ்குமிழாக மேலே வரும், ஆறியது ஓரங்களில் கீழே இறங்கும். மேலே வருவது பிரகாசமானது, பரப்பிலும் அதிகம். ஆகவே கோடுகள் மொத்தமாகவே நீலப்பக்கம் சாய்ந்திருக்கும். காந்தப்புலம் வலுத்த இடங்களில் இந்தக் கொதிப்பு அடங்கிவிடும். அங்கே சாய்வும் குறையும். கறைகள் சுழன்று வரும்போது ஒரு பக்க வெளிச்சத்தை மறைத்துக் கோட்டின் வடிவத்தையே கோணலாக்கும். இதற்கு மேல் முழு உடலும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதிர்கிறது. பதினோரு ஆண்டுக்கு ஒருமுறை காந்தச் சுழற்சி ஏறி இறங்குகிறது. நிமிடம், மணி, மாதம், ஆண்டு என எந்தக் கால அளவில் தேடினாலும் அங்கே விண்மீனின் கைவரிசை இருக்கும். கோளே இல்லாமல் கோள்போல் நடிக்க இது போதும்.

முதல் பாடம் சீக்கிரமே கிடைத்தது. எச்டி 166435 என்ற விண்மீன் 3.8 நாளுக்கு ஒருமுறை அழகாக ஆடியது. 2001இல் கெலோவின் குழுவே அதற்குக் கோள் இல்லை என்று கட்டுரையின் தலைப்பிலேயே எழுதியது. கோடுகளின் இடம் மாறியபோது அவற்றின் வடிவமும் கூடவே மாறியதைக் காட்டித்தான் அந்தத் தீர்ப்பு. கோள் இழுத்தால் கோடு முழுசாக நகர வேண்டும். உருவம் குலையக் கூடாது. இருசமவெட்டியை வைத்துக் கோட்டின் கோணலை அளக்கும் ஜெனீவா பாணி இங்கிருந்து வேரூன்றியது.

இதற்கும் முந்திய பாணி ஒன்று உண்டு. அதில் நம் கொடைக்கானல் மலைக்கும் பங்கிருக்கிறது. கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சனில் ஓலின் வில்சன் 1966இல் விண்மீன்களின் கால்சியம் எச், கே கோடுகளைத் தொடர்ந்து அளக்கத் தொடங்கினார். காந்தம் வலுத்தால் இந்தக் கோடுகளின் நடுவில் ஒளி கூடும். இன்று எந்தக் கோள் கட்டுரையைப் புரட்டினாலும் வரும் எஸ்-குறியீடு அவர் வழியில் வந்தது. அவரோடு சேர்ந்து 1957இல் வில்சன்-பாப்பு விளைவை அறிவித்தவர் சென்னையில் பிறந்த வைணு பாப்பு. 1960இல் அவர் இயக்குநராகப் போன கொடைக்கானல் ஆய்வகம் 1904 முதலே சூரியனைக் கால்சியம் கே ஒளியில் படமெடுத்து வந்தது. அதே மலையில்தான் 1909இல் ஜான் எவர்ஷெட், சூரியக் கறையிலிருந்து வாயு பக்கவாட்டில் வழிந்தோடுவதை டாப்ளர் நகர்வைக் கொண்டே கண்டுபிடித்தார். சூரியக் கறை பொய்யான வேகம் காட்டும் கதைக்கு அது முன்னுரை என்று சொன்னால் மிகையில்லை.

குறியீட்டுப் பாணியின் எளிமைதான் அதன் பலமும் குறையும். குறியீடு ஏறும்போது வேகமும் ஏறினால், அந்தப் பங்கை நேர்க்கோடு போட்டுக் கழித்துவிடலாம். ஆனால் கறையின் பாதிப்பு நேர்க்கோட்டில் நடப்பதில்லை. கறை வட்டின் ஓரத்தில் இருக்கும்போதும் நடுவில் இருக்கும்போதும் வேகத்தைக் கெடுக்கும் விதம் வேறு.

கிளீஸ் 581 என்ற விண்மீன் இதற்கு நல்ல உதாரணம். 2010இல் அங்கே உயிர் வாழத் தகுந்த தூரத்தில் 'ஜி' என்ற கோள் இருப்பதாக உலகப் பத்திரிகைகள் கொண்டாடின. 2014இல் பால் ராபர்ட்சன், சுவ்ரத் மகாதேவன் குழு, விண்மீனின் சுமார் 130 நாள் சுழற்சியையும் ஹைட்ரஜன் கோட்டின் மாற்றத்தையும் கணக்கில் எடுத்துப் பார்த்தது. 66 நாள் கோளான 'டி' கரைந்தது. அதன் நிழலில் நின்ற 'ஜி'யும் போனது. எதிர்த்தரப்பு சும்மா இருக்கவில்லை. கழித்த முறையே தவறு என்று பதில் எழுதியது. சங்கீத மலர்களில் பாடாந்தரச் சண்டை வருமே, அந்தச் சூடு இங்கும் உண்டு.

மூன்றாவது பாணி புள்ளியியலாளர்களுடையது. ஆக்ஸ்போர்டின் சுசான் ஐக்ரேன் 2012இல், விண்மீனின் ஒளி மங்கும் விதத்திலிருந்தே வேகக் கோளாறைக் கணிக்க வழி சொன்னார். பிறகு காஸியன் பிராசஸ் என்ற கணிதக் கருவி வந்து அரங்கைப் பிடித்துக்கொண்டது. கறை ஒரு சுற்று முடிந்து திரும்பவும் முகம் காட்டும். ஆனால் சில சுற்றுகளில் தேய்ந்து மறையும். பாதி ஒழுங்கும் பாதி மறதியும் கலந்த இந்தப் பழக்கத்தை அது அப்படியே பிடித்து வைக்கும். 2014இல் ரஃபேல் ஹேவுட் இதை கோரோட்-7 விண்மீனில் பயன்படுத்தினார். அதுவரை அங்குள்ள பாறைக்கோளின் எடையை ஆளுக்கொரு முறையில் கணக்கிட்டு ஆளுக்கொரு விடை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இந்தப் பாணியின் கூர்மை முழுதாகத் தெரிந்தது ஆல்ஃபா சென்டாரி-பி விஷயத்தில். 2012இல் அங்கே 3.24 நாள் சுற்றும், வினாடிக்கு 0.51 மீட்டர் ஆட்டும் கோள் என்ற அறிவிப்பு வந்தது. நமக்கு மிக அருகிலுள்ள விண்மீன் குடும்பம்; எல்லாரும் மகிழ்ந்தார்கள். ராஜ்பால், ஐக்ரேன், ராபர்ட்ஸ் மூவரும் கோளே இல்லாத செயற்கைத் தரவை உருவாக்கி, உண்மையில் அளவெடுத்த அதே தேதிகளில் அதை 'அளந்தார்கள்'. அதே 3.24 நாள் துடிப்பு அதிலும் எழுந்து நின்றது! எந்தெந்த இரவில் பார்த்தோம் என்பதும் விண்மீனின் இரைச்சலும் சேர்ந்து பெற்ற பேய்க் குழந்தை அது. முதலில் அறிவித்தவர்களும் எச்சரிக்கையோடுதான் எழுதியிருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆனால் காஸியன் பிராசஸ் ரப்பர் மாதிரி. அதிகமாக இழுத்தால் இரைச்சலோடு கோளையும் சேர்த்து விழுங்கிவிடும். சிதறல் குறைந்துவிட்டது என்று மகிழ்கிறவர் எதைத் தொலைத்தோம் என்று பார்ப்பதில்லை.

ஆகவே அண்மைக்காலப் பாணி நிறமாலைக்கே திரும்பியிருக்கிறது. ஆயிரக்கணக்கான கோடுகளை ஒரே கும்பலாகச் சராசரி எடுக்காமல், எந்தக் கோடு காந்தத்துக்கு அஞ்சும், எது அஞ்சாது என்று தனித்தனியே விசாரிப்பது சேவியர் டுமுஸ்க் 2018இல் காட்டிய வழி. ஸ்காட்லாந்தின் ஆண்ட்ரூ காலியர் கேமரன் 2021இல் வெளியிட்ட ஸ்கால்பெல்ஸ் முறை, கோட்டின் வடிவ மாற்றத்தையும் இட மாற்றத்தையும் கணிதக் கத்தியால் பிரிக்கிறது. இடம் நகர்ந்தாலும் மாறாத ஓர் அளவை எடுத்துக்கொண்டால், அதில் தெரியும் மாற்றமெல்லாம் வடிவத்தினுடையதுதானே. இந்தக் கட்டுரையாளருக்குப் பிடித்த பாணி இது. விண்மீன் எப்படிச் சுழல்கிறது என்று முன்கூட்டி எதையும் ஊகிப்பதில்லை.

அளவெடுக்கும் நேரத்தை மாற்றியே குமிழ்க் கொதிப்பைச் சமாளிப்பதும் உண்டு. ஒரே இரவில் இரண்டு மணி இடைவெளியில் மூன்று முறை, பத்துப் பத்து நிமிடம் பார்ப்பது 2011 முதல் சொல்லப்படும் பத்தியம்.

பாணிகள் பெருகினால் தராசு வேண்டும். 2022இல் அரிசோனாவின் எக்ஸ்பிரஸ் கருவியிலிருந்து நான்கு விண்மீன்களின் தரவை எல்லாருக்கும் ஒரேபோல் கொடுத்து 22 முறைகளை மோதவிட்டார்கள்.  கிட்டத்தட்ட எல்லா முறைகளும் சிதறலைக் குறைத்தன. ஆனால் எதுவும் நிலையாக வினாடிக்கு ஒரு மீட்டருக்குக் கீழே கொண்டுவரவில்லை. அதைவிடக் கவலை, ஒரு முறை திருத்திக் கொடுத்த வேகமும் இன்னொன்று கொடுத்ததும் ஒத்துப்போகவில்லை. ஒரே பாட்டுக்கு இருபத்திரண்டு ஸ்வரக்குறிப்பு. உண்மை விடை யாருக்கும் தெரியாததால் பரிசு கொடுக்கவும் வழியில்லை.

லா பால்மாவின் 3 அங்குல லென்ஸுக்கு மதிப்பு இங்கேதான். சூரியனைச் சுற்றும் கோள்கள் எத்தனை, எங்கே, எவ்வளவு எடை என்பது நமக்குத் தெரியும். அவற்றின் இழுப்பைக் கழித்துவிட்டால் மிச்சம் எல்லாம் சூரியனின் சொந்த முணுமுணுப்பு. அதில் ஒரு பொய்க்கோளைச் சேர்த்து, முறை அதைப் பத்திரமாகத் திருப்பித் தருகிறதா என்று பார்க்கலாம். இரைச்சல் எவ்வளவு குறைந்தது என்பதைவிட, கோள் முழுசாகப் பிழைத்ததா என்பதே சரியான அளவுகோல். அந்தப் பரீட்சை எழுதாத முறையோடு வரும் கோள் அறிவிப்பை இனி யாரும் அவசரப்பட்டு நம்ப வேண்டியதில்லை.

ஆறு ஒளியாண்டுத் தொலைவிலுள்ள பார்னார்டு விண்மீன் அவசரத்தின் விலையையும் பொறுமையின் பலனையும் சேர்த்தே காட்டுகிறது. 2018இல் அறிவித்த 233 நாள் கோளை, சுமார் 145 நாள் சுழற்சியின் போலி என்று 2021இல் தள்ளினார்கள். 2024இல் எஸ்பிரெசோ கருவி 3.15 நாள் சுற்றும் வேறொரு கோளைக் கண்டது. ஆட்டம் வினாடிக்கு அரை மீட்டர்தான். 2025இல் ஹவாயின் மரூன்-எக்ஸ் கருவியும் சேர்ந்து அங்கே நான்கு கோள்கள் என்று உறுதியானது. நான்கும் பூமியைவிட எடை குறைந்தவை.

லா பால்மாவில் ஐசக் நியூட்டன் தொலைநோக்கிக்காக ஹார்ப்ஸ்-3 தயாராகிறது. சூரியன் போன்ற சில டஜன் விண்மீன்களை மட்டும் பத்து ஆண்டு, முடிந்த இரவெல்லாம் பார்ப்பது திட்டம். அப்படிப்பட்ட விண்மீன் ஒன்றை ஓராண்டில் சுற்றும், பூமியின் எடையுள்ள கோளை இந்த முறையில் இதுவரை யாரும் கண்டதில்லை.