பந்தியில் கடையிடம்

கிறிஸ்தவ மரபில் விருந்தோம்பலுக்குப் பல சம்பிரதாயங்கள் உண்டெனினும், யாவற்றிற்கும் பிரமாணமாய் நிற்பது லூக்கா சுவிசேஷத்தின் 14-ஆம் அதிகாரமே. முதன்மையான ஆசனத்தை நாடாதே என்று விருந்தாளியைத் தடுப்பதோடு அமையாமல், பதிலுக்கு அழைக்க வகையற்றோரையே அழை என்று விருந்திடுபவனையும் அது கட்டுப்படுத்துகிறது.

ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் வகுத்த மடத்து ஒழுங்கின் 53-ஆம் அத்தியாயம், வந்தாரைக் கிறிஸ்துவாகவே ஏற்கச் சொல்லி, வறியோருக்கும் யாத்திரிகருக்கும் விசேஷ சிரத்தையை விதித்தது. செல்வருக்கு உபசாரம் தானே கிட்டிவிடும் என்ற லோகஞானமும் அவ்விதியில் உண்டு. தமிழ்ச் சபைகளோ நெடுங்காலம் இதில் தவறின. திருவிருந்திலேயே சாதி வரிசை பார்ப்பதைக் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் தடுத்தபோது, தஞ்சையில் பலர் சபையை விட்டார்களேயன்றி வரிசையை விடவில்லை. அந்தக் கறையைக் கழுவ முயன்றோருள், 1921-இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமம் கண்ட மருத்துவர்கள் ஏசுதாசனும் பாரஸ்டர் பேட்டனும் முக்கியமானவர்கள். பின்னவர் ஸ்காட்லாந்தின் செல்வக்குடியிற் பிறந்தும் கதர் உடுத்து, ஊராருக்குச் ‘சின்னண்ண’னானவர்.

ஆயினும் என் மதிப்பில் கோலார் தங்கவயலைச் சேர்ந்த ஊரிகத்தின் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளின் சம்பிரதாயம் இவற்றிற்குக் குறைந்ததன்று. 1880-இல் தங்கச் சுரங்கம் நடத்த ஜான் டெய்லர் கம்பெனி இங்கு கால்வைத்த பின், வெள்ளை அதிகாரிகளுக்குப் பங்களாக்களும் கிளப்பும் எழுந்த அதே மண்ணில், வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த, பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட குடிகளைச் சேர்ந்த தமிழருக்கு வாய்த்தவை மூங்கில் தட்டி வீடுகள். பொன்மோதிரக்காரனுக்கு நல்லிடம் தந்து ஏழையை நிற்கவைக்கும் சபையை யாக்கோபின் நிருபம் கண்டித்தது, பொன் வெட்டியும் பொன் அணியாத இம்மக்களுக்கு விளக்கவுரையின்றியே விளங்கியிருக்கும். வேலை தேடி ஊரிலிருந்து வந்த உறவினனுக்கு அவ்வொற்றை அறையிலேயே பாய் விரிந்தது. இருந்த களியே பங்காயிற்று. இங்கும் மேஸ்திரி வந்தால் நாற்காலி தேடியவர்கள் உண்டு. மனித சுபாவம் சுரங்கத்தினும் ஆழமானது.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன; இளைஞர் பலர் விடியலிலேயே பெங்களூருக்கு ரயிலேறுகின்றனர்; முதியோர் வீட்டிலிருக்கின்றனர். நமது சபைகளிலோ நன்கொடையாளருக்கு முன்வரிசை நாற்காலியும், ஏன், இம்மலரிலேயே முதற்பக்கப் படமும் வழக்கமாகிவிட்டன. வரும் அறுப்பின் பண்டிகை விருந்தில், பாறைத்தூசியால் நெஞ்சு நைந்த பழைய தொழிலாளர் முதற்பந்தியில் அமரட்டும். கமிட்டியாரும் நன்கொடையாளரும் இலை போட்டுப் பரிமாறி, கடைசிப் பந்தியில் உண்ணட்டும் என்று சபையாரை வேண்டிக்கொள்கிறேன்.