யாருக்கான புத்தகப் பட்டியல்?

லெந்து நாட்கள் நெருங்கினால் சபை வாட்ஸ்அப் குழுக்களில் புத்தகப் பட்டியல்கள் சுற்றத் தொடங்கும். ஆவிக்குரிய வளர்ச்சிக்கு வாசிக்க வேண்டியவை பத்து, இருபது என்று. எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே பெயர்கள்தான்: ஜான் பனியனின் 'மோட்ச பிரயாணம்', தாமஸ் கெம்பிஸின் 'கிறிஸ்துநாதர் அநுசாரம்', ஆஸ்வால்ட் சேம்பர்ஸ், டோசர், சி. எஸ். லூயிஸ், ரிக் வாரன். இந்தியர் ஒருவர் வேண்டுமே என்று சாது சுந்தர் சிங். இந்தப் பட்டியல் ஓசூர் அருகே உள்ள கெலமங்கலத்துக்கு வந்தால் யார் கையில் சேரும் என்பதுதான் என் கேள்வி.

இங்கே வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர் பள்ளியில் தமிழ் படித்திருப்பார். வேலை ஓசூர் சிப்காட்டிலோ, நாகமங்கலம் பக்கம் வந்திருக்கும் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையிலோ. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் கண் சொக்கும். விடுதிகளில் ஜார்க்கண்டிலிருந்து வந்த பெண்களும் தங்கியிருக்கிறார்கள். கிறிஸ்தவம் 19-ம் நூற்றாண்டிலேயே வேரூன்றிய மண் அது என்பதால் அவர்களிலும் விசுவாசிகள் இருப்பார்கள். பட்டியல் எழுதுகிறவரின் மனத்தில் இருப்பவரோ மாலையில் ஓய்வும் மேசை விளக்கும் உள்ள ஒரு வாசகர்.

பட்டியலே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இறையியல் கல்லூரிப் பக்கம் போகாத ஒருவருக்கு, போதகரின் குரலைத் தாண்டி இன்னொரு குரல் கிடைப்பது பெரிய காரியம். மேடைப் பிரசங்கம் காற்றோடு போய்விடும். யூடியூபில் கேட்டதைத் திரும்பத் தேடிச் சரிபார்க்கிறவர் குறைவு. புத்தகத்தைப் பின்னால் புரட்டலாம், அடிக்கோடு போடலாம், 'இது வேதத்தில் எங்கே இருக்கிறது?' என்று கேட்கலாம். கையில் இருநூறு ரூபாயோடு கன்வென்ஷன் புத்தகக் கடையில் நிற்கும் இளைஞனுக்கு வழிகாட்டியும் தேவை. இல்லாவிட்டால், அன்றைய பேச்சாளர் எழுதிய 'ஆசீர்வாதத்தின் ரகசிய'ப் புத்தகத்தோடு அவன் வீடு திரும்புவான். அந்த வகைப் புத்தகங்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. சம்பளம் உயர்ந்தால் விசுவாசம், வேலை போனால் விசுவாசக் குறைவு என்ற கணக்கை ஒப்பந்தத் தொழிலாளியிடம் விற்பது கொடுமை.

பட்டியலில் உள்ள நல்ல நூல்களில் பல உழைப்பாளிகளிடமிருந்து பிறந்தவை என்பதைப் பட்டியல் சொல்வதே இல்லை. பனியன் பாத்திரம் பழுது பார்த்துப் பிழைத்தவர். அனுமதியின்றிப் பிரசங்கித்ததற்காகப் பெட்ஃபோர்டு சிறையில் 12 ஆண்டுகள் கிடந்தவர். 'மோட்ச பிரயாணம்' 1678-ல் வந்தது. பாரிஸ் கார்மேல் மடத்துச் சகோதரர் லாரன்ஸ் சமையற்கட்டில் வேலை செய்தவர், பிறகு செருப்புத் தைத்தவர். அடுப்படியிலும் கடவுளோடு இருக்கலாம் என்ற அவருடைய பேச்சும் கடிதங்களும் 1691-ல் அவர் இறந்த பிறகே நூலாயின. அசெம்பிளி லைனில் எட்டு மணி நேரம் ஒரே அசைவைச் செய்கிற பெண்ணுக்கு லூயிஸின் வாதங்களைவிட இந்தச் சமையற்காரர் அருகில் இருக்கிறார். பட்டியல்களில் அவர் கடைசியில், பல சமயம் வெளியே.

சேம்பர்ஸின் தினதியான நூல் பஸ்ஸுக்கு ஏற்றது. நாளுக்கு ஒரு பக்கம். ஆனால் அதை அவர் எழுதவில்லை. எகிப்தில் படைவீரர்களிடையே ஊழியம் செய்து 1917-ல் இறந்தார். அவர் பேசியதைச் சுருக்கெழுத்தில் எடுத்திருந்த மனைவி 'பிடி', அந்தக் குறிப்புகளிலிருந்து தொகுத்து 1927-ல் வெளியிட்டார். நீண்ட பேச்சின் நடுவிலிருந்து வெட்டிய துண்டுகள் அவை. முன்பின் தெரியாமல் வாசிப்பவர் சில நாள் திகைப்பார். அதைத் தன் ஆவிக்குரிய குறை என்று எண்ணிக்கொள்வார். தேதியைத் தவறவிட்டால் குற்ற உணர்ச்சி வேறு. வாரனின் நூலிலுள்ள 40 நாள் வாசிப்புத் திட்டத்திலும் இதே ஆபத்து உண்டு. வாசிப்பு வருகைப்பதிவேடு ஆகிவிடுகிறது.

சுந்தர் சிங் இந்த வட்டாரத்துக்கு நன்றாகப் பொருந்துவார். உருதுவில் எழுதியவர், கதையும் உவமையுமாகப் பேசியவர். ஒருவர் தமிழில் வாசித்து அடுத்தவருக்குத் தெலுங்கில் சொன்னாலும் சாரம் போகாது. ஆனால் அவருடைய திபெத் பயணக் கதைகள் மீதும் கைலாச மலையில் ஒரு மகரிஷியைச் சந்தித்ததாக அவர் சொன்ன கதை மீதும் 1920-களிலேயே ஐரோப்பாவில் கடும் விவாதம் நடந்தது. பரிந்துரைப்பவர்கள் இதை மறைக்கக் கூடாது. விசுவாசி என்ன, குழந்தையா?

தமிழின் சொந்தச் சொத்து விடுபட்டுப்போவது இன்னும் வருத்தம். அன்ரீக்கே அடிகளின் 'அடியார் வரலாறு' 1586-லேயே அச்சேறியது. எச். ஏ. கிருஷ்ண பிள்ளை பனியனைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிகம்' பாடி 1894-ல் வெளியிட்டார். ஆனால் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களைக் கெலமங்கலத்து இளைஞனிடம் நீட்டுவது பெருமைக்குச் சரி, பயனுக்குச் சரியில்லை. அதிலுள்ள பாடல்களைச் சபையில் பாடிக் காட்டலாம். வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனைகள் அப்படித்தான் எழுத்தறியாதவர் நாவிலும் நிலைத்தன. இங்கே பலருக்கு ஆவிக்குரிய நூல் என்றால் பாட்டுப்புத்தகமே. அதை எந்தப் பட்டியலும் எண்ணுவதில்லை. பெண்களும் அப்படியே விடுபடுகிறார்கள். பண்டித ரமாபாயும், 1931-ல் விழுந்து டோனாவூரில் படுக்கையோடு முடங்கிய பிறகும் எழுதிக்கொண்டே இருந்த ஏமி கார்மைக்கேலும் அபூர்வமாகவே தென்படுகிறார்கள்.

சபை வேலிகளும் பட்டியலில் தெரியும். கெம்பிஸ், சீர்திருத்தத்துக்கு ஒரு நூற்றாண்டு முன்பு எழுதிய கத்தோலிக்கத் துறவி. பெந்தெகொஸ்தே நண்பர்கள் அவரை உருகி வாசிக்கிறார்கள். பக்கத்துக் கத்தோலிக்கக் கோவிலின் நூலகத்தில் அதே புத்தகம் இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

பட்டியல் தயாரிக்கும் போதகர்களுக்கும் பங்குத்தந்தையருக்கும் ஒரு வேண்டுகோள். இருபது வேண்டாம், மூன்று போதும். ஒவ்வொன்றுக்கும் எதிரே விலை, பக்கம், எந்தெந்த மொழியில் கிடைக்கும், ஆசிரியர் எந்தச் சபை, எதில் அவரோடு உங்களுக்கு ஒப்புதல் இல்லை என்று எழுதுங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அரை மணி நேரம் யாராவது ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும். இரவு ஷிப்ட் முடித்து வந்தவர் தூங்கிப்போனால் எழுப்ப வேண்டாம்.