எச்சம் சொல்லாததைக் குடல் சொல்லும்

கண்டி மாவட்டத்துக் கலகெதரயின் வீட்டுத்தோட்டங்களில் மேயும் ஊர்க்கோழி ஒன்று வாடிக் குறாவி நின்றால், பூச்சிக் கோளாறு என்று சொல்லிக் கையிலிருக்கும் மருந்தைக் கொடுப்பது வழக்கம். ஆனால் உருண்டைப்புழுவுக்கான பைபரசின் நாடாப்புழுவை அசைக்காது. இரத்தக்கழிச்சலை உண்டாக்கும் ஐமீரியாவோ புழுவே அல்ல, ஒற்றைச் செல் உயிரி. ஆகவே ஒட்டுண்ணியை இனங்காண்பது மருந்தைத் தீர்மானிக்கும் வேலை.

அதற்குப் பரவலாகக் கையாளப்படுவது எச்சப் பரிசோதனை. எச்சத்தைச் செறிந்த உப்புக்கரைசலில் கலந்தால் முட்டைகள் மிதந்து வரும். மக்மாஸ்டர் கண்ணாடியில் வைத்து, ஒரு கிராமுக்கு எத்தனை என்று எண்ணலாம். செலவு குறைவு, கோழியும் சாகவேண்டியதில்லை. கன்னொறுவையில் கால்நடை ஆராய்ச்சி நிறுவனமும் பேராதனையில் கால்நடை மருத்துவ பீடமும் இருக்கும் கண்டிப் பகுதிக்கு இது எட்டாத தொழில்நுட்பமும் அல்ல.

குறை, அது தரும் விடையை மிஞ்சி நம்புவதில் இருக்கிறது. சிறுகுடலில் வாழும் அஸ்காரிடியா காலி, குருட்டுக்குடலில் வாழும் ஹெட்டராக்கிஸ் என்ற இரு உருண்டைப்புழுக்களின் முட்டைகளும் ஒன்றுபோலத் தோன்றிப் பழகிய கண்ணையே ஏமாற்றும். நாடாப்புழு தன் முட்டைகளைத் துண்டு துண்டான உடற்கண்டங்களோடு வெளியேற்றுவதால், மிதக்கவைக்கும் முறையில் அடிக்கடி தப்பிவிடும். ஐமீரியா டெனெல்லாவின் கதை இன்னும் கொடியது: தொற்றிய ஐந்தாம் ஆறாம் நாளிலேயே குஞ்சு இரத்தம் கழித்துச் சாகலாம், அதன் ஊசிஸ்டுகள் (முட்டை போன்ற உறைமூடிய நிலை) எச்சத்தில் பெருமளவில் வருவதோ ஏழாம் நாள் வாக்கில். "ஒன்றும் இல்லை" என்ற அறிக்கை வரும்போது கூட்டில் பாதி காலியாகியிருக்கும். மறுபுறம், நலமாக மேயும் கோழியின் எச்சத்திலும் ஊசிஸ்டுகள் கிடைக்கும்.

செத்த கோழியை உடனே அறுத்துப் பார்ப்பது இங்கேதான் மேலோங்குகிறது. நோய் எங்கே இருக்கிறது என்பதே அடையாளமாகிறது. முன்சிறுகுடலில் ஏணிப்படி போல வெண்கோடுகள் தெரிந்தால் ஐமீரியா அசெர்வுலினா. குருட்டுக்குடல் இரத்தத்தால் புடைத்திருந்தால் டெனெல்லா. ஜோன்சன், ரீட் என்ற ஆய்வாளர்கள் 1970இல் வகுத்த 0 முதல் 4 வரையிலான புண் மதிப்பெண் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் ஐமீரியா மைட்டிஸ், பிரேகாக்ஸ் போன்றவை தெளிவான புண்ணை விடுவதில்லை. ரையெட்டினா எக்கினோபோத்ரிடா என்ற நாடாப்புழு குடற்சுவரில் உண்டாக்கும் கட்டிகளைக் காசநோய் என்று மயங்குவதும் உண்டு. அழுகத் தொடங்கிய உடலில் இந்த அடையாளங்கள் எல்லாம் கலைந்துபோகும்.

நீண்டகாலம் கோழிக்கு ஏழு ஐமீரியா இனங்கள் என்றே பாடநூல்கள் சொல்லி வந்தன. 2021இல் மரபணு ஆய்வு லாட்டா, நகம்பி, சாரியா என மேலும் மூன்றுக்குப் பெயர் சூட்டியது. பழைய பட்டியலை வைத்துச் செய்த தடுப்பூசிகள் இவற்றையும் தடுக்குமா என்ற கவலை அதனால் எழுந்தது. பெரும் பண்ணைகளுக்கு இந்த அளவுக்கு நுணுக்கம் வேண்டும்.

பத்துக் கோழி வளர்ப்பவருக்கு முதலில் வேண்டியது வேறு: ஐமீரியாவா, உருண்டைப்புழுவா, நாடாப்புழுவா என்ற தெளிவு. அதற்குப் புதிய எச்சத்தோடு, கோழி செத்திருந்தால் அன்றே அதன் உடலையும் கால்நடை வைத்தியரிடம் சேர்ப்பித்தால் போதும். ஆய்வுகூடமும் நிச்சயமில்லாதபோது ஒரே பெயரை எழுதாமல், "அஸ்காரிடியா அல்லது ஹெட்டராக்கிஸ்" என்று இரண்டையும் எழுதிக் கொடுக்கவேண்டும். ஹெட்டராக்கிஸ் முட்டைதான் வான்கோழியைக் கொல்லும் ஹிஸ்டோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியைச் சுமந்து செல்கிறது. ஒரே முற்றத்தில் கோழியையும் வான்கோழியையும் வளர்ப்பவர், அந்த இரண்டாவது பெயரைப் பார்த்தாலே அவற்றைப் பிரித்து வைத்துவிடுவார்.