பிராண்டைஸ் கண்ட மூன்றாவது வழி

1910 கோடையில் நியூயார்க்கில் மேலங்கி தைக்கும் தொழிலாளர்கள் சுமார் 60,000 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சமரசம் பேச பாஸ்டனிலிருந்து வந்தார் வழக்கறிஞர் லூயிஸ் பிராண்டைஸ். கூலி, வேலை நேரம் எல்லாம் பேசித் தீர்க்கக்கூடியவை. முடிச்சு விழுந்தது வேறிடத்தில். சங்க உறுப்பினர்களுக்கு மட்டுமே வேலை என்றது சங்கம். யாரை எடுப்பது என்பது எங்கள் விருப்பம் என்றார்கள் முதலாளிகள்.

இரண்டையும் பாதிப் பாதியாக வெட்டி ஒட்டவில்லை பிராண்டைஸ். அங்கேதான் அவருடைய கைத்தேர்ச்சி என்னைக் கவர்கிறது. திறமை சமமாக இருந்தால் சங்கத்தாருக்கு முன்னுரிமை என்றார். முதலாளியின் தேர்வுரிமை போகவில்லை, சங்கமும் உயிரோடு நின்றது. தொழிலாளர்கள் முதலில் இதை ஏற்கவில்லை. பேச்சு முறிந்தது, மறுபடி தொடங்கியது. வேறு வழக்கறிஞர்களும் பாடுபட்டார்கள். செப்டம்பர் 2 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது.

ஒப்பந்தம் அதோடு நிற்கவில்லை. குறை கேட்க ஒரு குழு, அதற்கு மேல் நடுவர் குழு, பட்டறைகளின் சுகாதாரத்தைப் பார்க்க ஒரு கூட்டு வாரியம். அடுத்த சண்டை வந்தே தீரும் என்று தெரிந்து, அதைப் பேசி முடிக்க முன்கூட்டியே இடம் ஒதுக்கிய ஏற்பாடு இது. சமரசக் கலையில் இதைவிட முதிர்ந்த வேலை எனக்குத் தெரியாது.

ஒப்பந்தம் 1916இல் முறிந்தது. அதே ஆண்டு பிராண்டைஸ் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியானார்.