தசரதன் சுற்றிய தூண்

காஞ்சிபுரம் காமாட்சி அம்மன் கோயிலுக்குள் சந்தான ஸ்தம்பம் என்று ஒரு தூண் இருக்கிறது. பிள்ளை வேண்டுவோர் அதை வலம் வருவார்கள். தசரதன் இங்கே வந்து வேண்டிக்கொண்ட பிறகுதான் அவனுக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள் என்பது கோயில் கதை. பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டில் வளர்ந்த எனக்கு இந்தக் கதை பள்ளிக்கூடம் போகும் முன்பே தெரியும். என் சித்தி வெள்ளிக்கிழமைதோறும் அந்தத் தூணைச் சுற்றுவாள். துணைக்கு என்னை அழைத்துப் போவாள். சித்தப்பா தறிக்குழியில் கால் வைத்து நெய்துகொண்டிருப்பார். ஒருநாளும் அவர் உடன் வந்ததில்லை.

வெகுகாலம் கழித்துத்தான் அந்தக் கதையில் ஒன்று உறைத்தது. கதையில் தூணைத் தேடி வந்தவன் தசரதன். கோசலையோ கைகேயியோ சுமித்திரையோ அல்ல. மூன்று மனைவியர் இருந்தும் ஒருவருக்கும் பிள்ளையில்லை. இதை இன்று ஒரு மருத்துவரிடம் சொன்னால் முதலில் யாரைப் பரிசோதனைக்கு அனுப்புவார்? புராணத்துக்கே அந்தச் சந்தேகம் இருந்திருக்கிறது. அதனால்தான் குறை தீர்க்க அரசனே கிளம்புகிறான். ஆண் வந்து நின்ற இடத்துக்கு இன்று நாம் பெண்ணை மட்டும் அனுப்புகிறோம்.

ஆனால் அதே ராமாயணத்தில் இன்னொன்றும் உண்டு. கலைக்கோட்டு முனிவர் நடத்தும் வேள்வியில் கிடைக்கும் அமுது, கம்பனில் பிண்டமாகவும் வால்மீகியில் பாயசமாகவும் வருகிறது. அதை உண்பவர்கள் மூன்று ராணிகள். வேள்வி அரசனுக்கு, மருந்து ராணிகளுக்கு. குறை யாரிடம் இருந்தாலும் மருந்து பெண்ணின் வயிற்றுக்குள்தான் போக வேண்டும் என்ற ஏற்பாடு அவ்வளவு பழையது.

நம் மொழியும் இந்த ஏற்பாட்டுக்குத் துணை நிற்கிறது. ‘மலடி’ என்ற சொல்லைத் தெருவில் கேட்டிருக்கிறோம், சினிமாவில் கேட்டிருக்கிறோம், வளைகாப்பு வீட்டில் முதுகுக்குப் பின்னால் கேட்டிருக்கிறோம். ‘மலடன்’ என்ற சொல் அகராதியில் இருக்கிறது. உங்கள் தெருவில் அதை எத்தனை முறை கேட்டிருக்கிறீர்கள்? “ஏதாவது விசேஷம் உண்டா?” என்ற கேள்வியை யாரும் மாப்பிள்ளையிடம் கேட்பதில்லை. கேட்டாலும், “உன் பெண்டாட்டிக்கு ஏதாவது விசேஷம் உண்டா?” என்றுதான் கேட்பார்கள்.

இந்த முரணை நம் காலத்தில் மிக நெருக்கமாகத் தொட்ட புனைவு, பெருமாள்முருகன் 2010இல் எழுதிய ‘மாதொருபாகன்’. கதை காஞ்சிபுரத்துக்கு வெகு தொலைவில், திருச்செங்கோட்டில், ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் நடக்கிறது. காளிக்கும் பொன்னாவுக்கும் மணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பிள்ளையில்லை. சாபக் கதைகள் தோண்டப்படுகின்றன, வேண்டுதல்கள் நடக்கின்றன. பொன்னா கசப்பு மருந்து குடிக்கிறாள். தவறினால் உயிர் போகும் என்று தெரிந்தே மலையுச்சிக் கல்லைச் சுற்றிவருகிறாள். காளிக்கு இரண்டாம் கல்யாணம் செய்துவைக்கும் பேச்சும் வருகிறது. கடைசியில் மாமியாரும் உடன்பிறந்த அண்ணனும் சேர்ந்து, காளி சம்மதித்துவிட்டான் என்று அவளை நம்பவைத்து, தேர்த் திருவிழாவின் பதினான்காம் நாள் இரவுக்கு அனுப்புகிறார்கள். அந்த ஓரிரவில் முன்பின் தெரியாத ஆண் சாமியாகக் கருதப்படுவான்.

இந்த நாவலைப் பற்றி 2014 இறுதியில் எழுந்த சண்டை, ஊர்ப் பெண்களின் மானத்தைப் பற்றியதாக நடந்தது. 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளரின் பக்கம் தீர்ப்பளித்தது. கருத்துரிமை நோக்கில் அது முக்கியமான தீர்ப்பு. ஆனால் நாவலின் நடுவில் கிடக்கும் ஒரு செய்தியை இரு தரப்பும் பெரிதாகப் பேசவில்லை. பதினான்காம் நாள் இரவுக்குப் பொருள் என்ன? வேறொரு ஆணால் அவள் கருவுறக்கூடும் என்று பெரியவர்கள் நம்புகிறார்கள். அப்படியென்றால் குறை காளியிடம் இருக்கலாம் என்று அவர்களுக்குத் தெரியும். பகலெல்லாம் அவளை வறடி என்று ஏசும் ஊர், இரவில் அவனைத்தான் சந்தேகிக்கிறது. அந்தச் சந்தேகத்தை வாய்விட்டுச் சொல்லாமலிருக்க அவள் உடம்பைப் பயன்படுத்துகிறது.

நாவலிடம் எனக்கு ஒரு குறையும் உண்டு. காளியின் வேதனைக்கு அது மிகுந்த இடம் தருகிறது. அவனை ஊர் கேலி செய்வதும், அவன் ஒதுங்கிப்போவதும், கடைசியில் பூவரச மரத்தடியில் குமுறுவதும் நம்மை உலுக்குகின்றன. பொன்னாவின் இரவு முடிந்து விடியும்போது அவளுக்கு என்ன நேர்ந்தது என்பதை அறியும் முன், அவன் கோபம் பக்கத்தை நிறைத்துவிடுகிறது. அவளை ஏமாற்றி அனுப்பியவர்கள் வேறு. ஆனால் துரோகி என்ற பழி அவள்மீதே விழுகிறது.

காளியின் காலத்தில் அவனுக்கு எட்டும் தூரத்தில் பரிசோதனை இல்லை. நம் காலத்தில் இருக்கிறது. பிறகு ஏன் பொன்னாக்கள் மட்டும் மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள்?

என் சித்தி ஆறு ஆண்டுகள் தனியாகத்தான் போனாள். “ஒரு நாள் தறி நின்னா கூலி போச்சு. உனக்கென்ன, நூல் சுத்துறதுதானே” என்பார் சித்தப்பா. நூல் சுற்றுவதற்கும் பாவுக்குக் கை கொடுப்பதற்கும் அவளுக்குத் தனிக்கூலி கிடையாது. கூலி இல்லாததால் அவள் நேரத்துக்கும் விலையில்லை. பெண் தனியாக மருத்துவமனைக்குப் போவதன் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கருக்குழாய் அடைப்பைப் பார்க்கும் எக்ஸ்ரே என்று எல்லாம் எடுத்தாள். மயக்கம் கொடுத்து வயிற்றில் துளையிட்டும் பார்த்தார்கள். இவ்வளவுக்கும் பிறகுதான் ஒரு மருத்துவர், “வீட்டுக்காரரை அழைத்து வாருங்கள்” என்றார். சித்தப்பா போகவில்லை. “டப்பாவுல புடிச்சுக் குடுக்கவா நான் ஆம்பளையா பொறந்தேன்?” என்று கேட்டார்.

இங்கே வரிசையே தலைகீழாக இருக்கிறது. விந்துப் பரிசோதனைக்குக் கத்தி வேண்டாம், மயக்கம் வேண்டாம். செலவும் குறைவு. இரண்டு முதல் ஏழு நாள் உறவு தவிர்த்துவிட்டுக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். முடிவில் குறை தெரிந்தால் சில வாரங்கள் கழித்து மறுபடி பார்ப்பார்கள், ஏனென்றால் விந்தணு உருவாகி முதிர இரண்டரை மாதத்துக்கு மேல் ஆகும். குழந்தையில்லாத தம்பதியரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் தரப்புக் காரணம் தனியாகவோ பெண் தரப்புக் காரணத்தோடு சேர்ந்தோ இருக்கிறது என்று மருத்துவம் சொல்கிறது. ஆண்மை வேறு, விந்தணு வேறு என்பதையும் சொல்ல வேண்டும். உறவில் எந்தக் குறையும் இல்லாத ஆணுக்கும் விந்தணு அறவே இல்லாமலிருக்கலாம். முகத்தைப் பார்த்து, மீசையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

கோர்வைச் சேலை நெய்வது எங்கள் ஊரில் யாருக்கும் தெரியும். உடலும் கரையும் தனித்தனி நாடாவில் ஓடும். தறியில் ஒருவர், பக்கத்தில் கை கொடுக்க ஒருவர் என்று இரண்டு பேர் வேண்டும். பிழை வந்தால் இரண்டு பேரும் நிறுத்திப் பார்ப்பார்கள். தறியில் தெரிந்த இந்த நியாயம் சித்தப்பாவுக்குக் குடும்பத்தில் தெரியவில்லை.

பாயசத்தின் கதையும் முடிந்துவிடவில்லை. விந்தணு மிகக் குறைவாக இருந்தாலும் ஒற்றை விந்தணுவைக் கருமுட்டைக்குள் செலுத்திக் கருவாக்கும் ‘இக்சி’ முறை 1992 முதல் நடைமுறையில் இருக்கிறது. நல்ல கண்டுபிடிப்புதான். ஆனால் அதிலும் நாள்தோறும் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்பவள் பெண். மயக்கத்தில் படுத்துக் கருமுட்டை கொடுப்பவளும் பெண்தான். குறை அவனுடையது, சிகிச்சை அவள் உடம்பில். இதைத் தவிர்க்க முடியாத நிலைமைகள் உண்டு. ஆனால் யாருக்காக இந்த ஊசி என்பது அவளுக்கும் வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டும். மாமியார் அப்போதும் அவளையே மலடி என்று சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது.

கருத்தரிக்க விரும்பி மருத்துவரைப் பார்க்கப் போகும் தோழிகளுக்கும், நாளை போகக்கூடிய மாணவிகளுக்கும் சில செய்திகள். கருத்தடை இல்லாமல் ஓராண்டு முயன்றும் கருத்தரிக்காவிட்டால் மருத்துவரைப் பார்க்கலாம். கல்யாணமான மூன்றாம் மாதமே ஊர் கேட்கிறது என்பதற்காக ஓட வேண்டாம். பெண்ணுக்கு வயது 35ஐத் தாண்டியிருந்தால் ஆறு மாதம் போதும். மாதவிலக்கு ஒழுங்கில்லாதவர்கள், காசநோய் வந்தவர்கள், இடுப்புப் பகுதியில் அறுவை சிகிச்சை செய்தவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. பிறப்பிலேயே விதை இறங்காமலிருந்த ஆணுக்கும், வயது வந்த பின் பொன்னுக்கு வீங்கி வந்து விதை வீங்கிய ஆணுக்கும் இது பொருந்தும். முயற்சியைத் தொடங்கும் முன்பே ஃபோலிக் அமிலம் நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்வது பற்றியும், ருபெல்லா தடுப்பூசி பற்றியும் கேளுங்கள். முதல் நாளே இருவரும் சேர்ந்து போங்கள். உங்களுக்குக் கத்தியும் மயக்கமும் எழுதும் முன், கணவரின் விந்துப் பரிசோதனை முடிவு கோப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. சோதனைக்குழாய் முறை வரை போனால், 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுத்துமூலமான சம்மதம் வேண்டும். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பிள்ளையே வேண்டாம் என்று முடிவு செய்பவளுக்கு இந்தப் பட்டியல் எதுவும் தேவையில்லை. அந்த முடிவும் முழுமையான முடிவுதான்.

சித்தப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். சித்திக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. சென்ற பங்குனியில் ஊருக்குப் போனபோது அவளுடைய பழைய கோப்பை எடுத்துக் காட்டினாள். பட்டு நூல் கட்டும் கயிற்றால் கட்டி வைத்திருந்தாள். ஒவ்வொரு தாளிலும் அவள் பெயர்தான் இருந்தது. கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் குறையேதும் இல்லை என்றே எழுதியிருந்தது. சித்தப்பா பெயரில் ஒரு தாள்கூட இல்லை.

“யார்கிட்ட கொறன்னு தெரிஞ்சு இப்ப என்ன ஆகப்போவுது” என்றாள். கோப்பைத் திரும்பக் கட்டிக்கொண்டே, “அந்த ஒரு பேப்பர் இருந்திருந்தா, எங்க மாமியாக்காரிகிட்ட காட்டியிருப்பேன்” என்றாள்.